ஏ.எல் (உயர்தரம்) முடித்த தம்பி வைன்டிங் கடைக்குப் போகப்போகிறேன் என்கிறான். கம்பஸா (பல்கலைக்கழகமா), தொழிலா?

கொண்டாவில் அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று கிழமையாக இதே கதைதான்.

தம்பிக்கு இருபது வயது, கணிதப் பிரிவு. முதல் ஷையில், அதாவது முதல் தடவையில், மூன்று எஸ் (சாதாரண சித்தி). இப்போது இரண்டாம் ஷையில் ஒரு சி (திறமைச் சித்தி), இரண்டு எஸ். போன வருட வெட்டுப்புள்ளிகளை வைத்துப் பார்த்தால் பொறியியல் எட்டாது. பௌதிக விஞ்ஞானம் ஏதாவதொரு கம்பஸில் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அம்மா மூன்றாம் ஷை எடுக்கச் சொல்கிறா. இன்னொரு வருடம் ரியூசன், இன்னொரு வருடம் பாஸ் பேப்பர்.

அவனோ சோதனை முடிந்த நாளிலிருந்து சுன்னாகம் பக்கம் ஒரு மோட்டர் வைன்டிங் கடைக்கு, அதாவது கருகிய மோட்டருக்குச் செப்புக்கம்பி மறுபடி சுற்றுகிற கடைக்கு, போய் வருகிறான். முதலில் பொழுதுபோக்குக்குத்தான் போகிறான் என்று நினைத்தோம். இப்போது காலை எட்டு மணிக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருகிறான். சட்டையெல்லாம் வார்னிஷ் மணம். போன மாதம் எங்கள் கிணற்று மோட்டர் கருகியபோது கழற்றிக்கொண்டு போய், நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து பூட்டினான். அம்மா தொட்டியடியில் நின்று தண்ணீர் வருவதைப் பார்த்தா. சந்தோஷம்தான், ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பா வந்து "கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இல்லாத வீடு, அதனால் எல்லோருக்கும் எங்கள் விஷயத்தில் ஒரு சொல் இருக்கிறது. நான் ஒரு தனியார் கம்பனியில் கணக்கு வேலை செய்கிறேன். தம்பி என்னிடம்தான் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

நல்லூர் வீதி

தங்கச்சி, மூன்றாம் ஷையை விடவேண்டாம். கம்பஸ் அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு, அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும். வைன்டிங் கடை எங்கேயும் ஓடிப்போகாது.

நாட்டில் ஏ.எல்லில் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் போட்டி கடுமைதான். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளைத் தரப்படுத்தும் முறை வந்தபோது எங்கள் அப்பாவின் வயதுப் பெடியன்கள் எப்படித் துடித்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவ்வளவு பாடுபட்டுக் காத்த ஒன்றை, கிடைக்கக்கூடிய பிள்ளை தானாகக் கைவிடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்று. கம்பஸ் என்பது வேலைக்கான கடுதாசி மட்டும் இல்லை. நான் பேராதனையில் படித்தேன். அங்கேதான் முதன்முதலாகச் சிங்களப் பெடியன்களோடு ஒரே அறையில் படுத்தெழும்பினேன், சிங்களம் பேசப் பழகினேன், நூலகத்தில் விரும்பியதை எடுத்து வாசித்தேன். இருபது வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்கவேண்டும்.

செம்புக்கம்பி

நான் இருபத்திரண்டு வருடமாக வைன்டிங் வேலை செய்கிறவன். அக்கா, உங்கள் தம்பி போகிற கடை எது என்று தெரியாது. ஆனால் அவன் அங்கே என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சுன்னாகம் இருக்கிற எங்கள் வலிகாமத்தில் மோட்டர் ஏன் இவ்வளவு கருகுகிறது? பின்னேரம் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் இறைப்பு. வோல்டேஜ் விழும். விழுந்தால் மோட்டர் அதே தண்ணீரைத் தூக்கக் கூடுதலான கரண்டை இழுக்கும், சூடேறும், கம்பியின் மேலிருக்கும் எனாமல் பூச்சு இளகும், இரண்டு சுற்று ஒன்றோடொன்று முட்டும், புகை. இது ஒரு காரணம். இரண்டாவது எங்கள் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், பம்பிக்குள் வெள்ளையாகப் படிந்து, தண்ணீரைத் தள்ளுகிற சுழல் சக்கரமான இம்பெல்லரை இறுக்கிவிடும். சுவிட்சைப் போட்டால் மோட்டர் முனகும், சுற்றாது. அப்படியே ஐந்து நிமிஷம் விட்டால் முடிந்தது கதை. மூன்றாவது, கோடையில் கிணறு வற்ற வற்றக் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா ஓடுவது.

கருகியதை வெட்டி எறிவதற்கு முன் கணக்கெடுக்கவேண்டும். ஒவ்வொரு கொயிலிலும் எத்தனை சுற்று, எந்த ஸ்லொட்டிலிருந்து (கம்பி இறங்குகிற பள்ளம்) எந்த ஸ்லொட்டுக்கு, ரன்னிங் கம்பி என்ன தடிப்பு, ஸ்டார்ட்டிங் கம்பி என்ன தடிப்பு. மைக்ரோமீற்றரில் அளக்கும்போது எனாமலைச் சுரண்டாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும். சுற்றுக் குறைந்தால் மோட்டர் ஓடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார், இரண்டு மாதத்தில் திரும்பி வருவார். பிறகு ஸ்லொட்டைத் துடைத்து இன்சுலேஷன் பேப்பர் மடித்து இறக்கி, கொயிலைக் கம்பி நெரியாமல் விரலால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கரண்ட் கசிகிறதா என்று 500 வோல்ட் மெகரால் பார்த்த பிறகுதான் மூடுவது.

என்னிடம் ஒரு பெடியன் வந்தான். அவனும் கணிதப் பிரிவுதான், இரண்டு தடவை எடுத்து விட்டவன். மோட்டரின் வேகத்துக்கு, 120 தர மீடிறன் (கரண்டின் அதிர்வெண், இங்கே 50), அதை முனைவுகளின் எண்ணிக்கையால் பிரி என்று ஸ்கூலில் பாடமாக்கியவன். ஒருநாள் இரண்டு முனைவு மோட்டர் ஒன்றை முடித்து ஓடவிட்டு, வேகம் அளக்கிற கருவியைப் பிடித்தான். 2,850 காட்டியது. "அண்ணை, கணக்குப்படி 3,000 வரவேணுமே, மிச்சம் 150 எங்கே?" என்று கேட்டான். அந்த 150தான் வழுக்கல், அது இல்லாவிட்டால் சுழலுகிற பகுதியான ரோட்டருக்குள் கரண்ட் தூண்டப்படாது, மோட்டர் சுற்றவே சுற்றாது என்று சொன்னேன். அப்படியே மோட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பழைய பௌதிகவியல் கொப்பியை எடுத்துவந்து என்னிடம் காட்டினான். அந்தப் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தான், ஆனால் விளங்காமல் போட்ட கோடு.

இப்போது எச்சரிக்கை. 2009இல் நான் வளைகுடாவுக்குப் போனேன். கையில் ஏழு வருட அனுபவம், ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. எலக்ட்ரீஷியன் வேலை முழுக்க என் கையால் நடந்தது, சம்பளப் பட்டியலில் நான் ஹெல்பர். எனக்குப் பிறகு வந்த பெடியன், சான்றிதழ் இருந்த காரணத்தால், என்னைப்போல ஒன்றரை மடங்கு வாங்கினான். அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவன் நான். திரும்பி வந்துதான் முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு நின்று என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தேன்.

ஆகவே கடைக்குப் போகட்டும், ஆனால் சும்மா போகக்கூடாது. நைட்டாவில் பதிந்து, ஒப்பந்தம் எழுதிப் போகவேண்டும்.

கொண்டாவில் அக்கா

அண்ணை, நீங்கள் எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "ஸ்டார்ட்டிங் கம்பிதான் மெல்லிசு" என்று எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டான். நைட்டா ஒப்பந்தம் என்றால் என்ன? கடைக்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

வேலையில்லாப் பட்டதாரி 2013

இந்தப் பெயரை இன்னும் மாற்றவில்லை, இப்போது வேலை இருக்கிறது.

நான் யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடம். 2013இல் பட்டம். 2017இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தோமே, அதில் நானும் இருந்தேன். வெயில் ஏறினால் கொட்டகைக்குள் இருக்கமுடியாது, மழை பெய்தால் பாய் நனையும். வீதியால் போகிற ஆட்கள் எங்களைப் பார்க்கிற பார்வையில் பாதி பரிதாபம், பாதி கோபம். 2020இல்தான் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் வந்தது, மாதம் 20,000 ரூபாய். பட்டம் எடுத்து ஏழு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெயரும் "பயிலுனர்"தான். இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தர்.

கம்பஸ் போனதற்கு நான் ஒருநாளும் கவலைப்படவில்லை. நல்லூர் வீதி அண்ணை சொன்னது உண்மை, அங்கேதான் நான் ஆளானேன். எனக்குக் கவலை எல்லாம் அந்த ஏழு வருடம். மாதா மாதம் வர்த்தமானி பார்ப்பது, போட்டிப் பரீட்சைக்குப் படிப்பது, வீட்டில் ரியூசன் கொடுப்பது. அந்தக் காலத்தில் யாராவது "ஒரு தொழிலையும் பழகிக்கொள்" என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று யோசிக்கிறேன். கேட்டிருக்க மாட்டேன். பட்டதாரி என்ற சொல் என்னைக் கட்டிப்போட்டிருந்தது.

தம்பிக்குப் பௌதிக விஞ்ஞானம் கிடைத்தால் நிலைமை வேறு. கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் வன்னிப் பக்கம் இன்னும் தேவை. கலைப்பட்டத்தின் கதையை அவன் தலையில் ஏற்றவேண்டாம்.

ஓடாவி மகன்

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

என் அப்பா ஓடாவி, மரவேலை செய்கிறவர். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதவும் நிலையும் அவர் செய்தது. இரண்டு கோயிலுக்கு வாகனம் செய்தவர். குதிரை வாகனத்தின் கழுத்து மயிரைச் செதுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு செதுக்குவார், நான் பக்கத்தில் இருந்து எண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர் என்னை உளியைத் தொட விடவில்லை. ஒருநாள் எட்டு வயதில் கொட்டிலுக்குள் போய் இழைப்புளியை எடுத்ததற்கு அடி விழுந்தது. "நீ படி. இது என்னோட முடியட்டும்" என்றார்.

ஏன் என்று அப்போது விளங்கவில்லை. வளர்ந்தபோது விளங்கியது. வாகனம் செய்தவரை அழைத்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணீர் வேறு பாத்திரத்தில் வந்தது. நாற்பது வயது மனிதரைப் பதினைந்து வயதுப் பெடியன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவருடைய தொழிலைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை, எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் அந்தத் தொழிலோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர்தான் அவரைச் சுட்டது. எனக்குப் படிப்பு என்பது அதிலிருந்து வெளியேறும் படலை. நான் இன்று கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அதனால்தான் "கைத்தொழில் உயர்ந்தது, கம்பஸ் எதற்கு" என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கம்பஸில்தான் இருக்கிறார்கள். ஒரு வெள்ளாள வீட்டுப் பிள்ளை வைன்டிங் கடைக்குப் போனால் அது அவன் தெரிவு. என்னைப் போன்றவன் போனால் அது "அவையின்ர தொழில்தானே". இரண்டும் ஒன்றில்லை.

அக்கா, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். தம்பியைத் தடுக்கச் சொல்லவில்லை. அம்மாவின் பயத்தை வெறும் வறட்டுக் கௌரவம் என்று தள்ளிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த ஊரில் அந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். அப்பா போய் ஆறு வருடம். அவருடைய உளிப்பெட்டி என்னிடம் கொழும்பில் இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட எனக்குத் தீட்டத் தெரியாது.

செம்புக்கம்பி

தம்பி, உங்கள் எழுத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. என்னையும் முதலாளி வீட்டில் கிணற்றடியோடு நிறுத்திய காலம் இருந்தது.

ஒரு மாற்றத்தை மட்டும் சொல்கிறேன். வைன்டிங், ஏசி, சோலார், ஹைபிரிட் வாகனத்தின் பற்றரி வேலை, இவற்றுக்குப் பழைய சாதிப் பெயர் ஒட்டவில்லை. இவை வரும்போதே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பழகிய தொழில்கள். தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. மோட்டர் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்டவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோது இன்வேர்ட்டர் பூட்ட வந்தவனிடமும் கேட்கவில்லை. இது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்லமாட்டேன். என் கடையில் இப்போது மூன்று பேர் பழகுகிறார்கள், மூவரும் ஒரே கேத்திலில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

போதனாசிரியர்

நான் தொழில்நுட்பக் கல்லூரிகளில் மின்னியல் படிப்பித்தவன். நைட்டா பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

இந்தப் பயிலுனர் முறை 1971ஆம் ஆண்டுப் பயிலுனர் சட்டத்தோடு வந்தது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்றைய நைட்டா, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, உருவானது. விஷயம் சுலபமானது. கடைக்காரர் ஒரு பக்கம், உங்கள் தம்பி ஒரு பக்கம், நடுவில் அதிகாரசபை. இத்தனை காலம், இந்த இந்த வேலைகளைப் பழக்குவேன் என்று எழுத்தில் ஒப்பந்தம். முடிவில் மதிப்பீட்டாளர் வந்து செய்முறையைப் பார்த்து என்.வி.கியூ கொடுப்பார். இது இல்லாவிட்டால், தம்பி இரண்டு வருடம் கழித்தும் கடை கூட்டுகிற பெடியனாக இருக்கலாம், கேட்பார் இல்லை. நான் அப்படிப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அதனால் யாழ்ப்பாண மாவட்ட நைட்டா அலுவலகத்தில் நேரே போய்க் கேளுங்கள்.

இனிப் படிக்கட்டு. என்.வி.கியூ 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். மட்டம் 4 எடுத்தவன் தொழில்நுட்பக் கல்லூரியிலோ பல்கலைக்கழகக் கல்லூரியிலோ மேலே போகலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நல்ல இயந்திரங்கள், விடுதி வசதி. அதற்கும் மேலே, இரத்மலானையில் யுனிவொட்டெக், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே பட்டம். ஆகவே மூன்றாம் ஷையோடு கதவு மூடிவிடும் என்று நல்லூர் வீதி ஐயா எழுதியது ஒரு கதவைப் பற்றித்தான்.

ஆனால் இந்தப் படிக்கட்டில் எங்கள் பிள்ளைகள் தடக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, அதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மட்டம் 4 வரை தமிழில் போகலாம். 5க்கு மேல் ஆங்கிலம். மோட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவன், ஒரு பக்க அறிக்கை எழுதச் சொன்னால் வியர்த்துப்போவான். என்னிடம் படித்த மிகத் திறமான கைகாரன் ஒருவன் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டான். அவனை இழந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன், முதலாம் நாளே ஆங்கில வகுப்புக்குத் துரத்தியிருக்கவேண்டும். உங்கள் தம்பியைத் துரத்துங்கள்.

சூரிச் அப்பா

இங்கே சுவிஸில் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு மட்டில் பத்தாம் வகுப்பளவில் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். லேரே என்று சொல்வோம். என் மகன் எலெக்ட்ரோஇன்ஸ்டலாட்டர், அதாவது மின்னிணைப்பு வேலை, நான்கு வருடம். கிழமையில் மூன்று நாலு நாள் கம்பனி, மிச்சம் தொழிற்பாடசாலை. முதல் வருடத்திலிருந்தே சம்பளம், சின்னத் தொகைதான், வருடா வருடம் கூடும்.

அவன் அதைத் தெரிவு செய்தபோது நான் ஆறு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை. ஊரில் ஏ.எல் படித்துவிட்டு இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவியவன் நான், மகன் டொக்டர் ஆகவேண்டும் என்று இருந்தேன். அவன் லேரே முடித்து, பெரூஃப்ஸ்மத்தூரா என்கிற பரீட்சையும் எழுதி, இப்போது பொறியியல் உயர்கல்லூரியில் படிக்கிறான். வகுப்பில் மற்றவர்கள் புத்தகத்தில் பார்க்கிற பலகையை இவன் கையால் பூட்டியிருக்கிறான். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அக்கா, சுவிஸ் கதையைக் கேட்டு மயங்கவேண்டாம். இங்கே சட்டம், பாடசாலை, கம்பனி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே அந்த மூன்றையும் நீங்கள்தான் ஓடித்திரிந்து சேர்க்கவேண்டும். ஜேர்மனிக்கு அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) என்று சொல்லிக் காசு கேட்கிற ஏஜென்டுகளும் இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்களாம். ஜேர்மன் மொழி பி-1 மட்டமாவது இல்லாமல் அங்கே தொழில் பழக முடியாது. மொழியைச் சொல்லாமல் காசை முதலில் சொல்கிறவனிடம் போகாதீர்கள்.

நல்லூர் வீதி

போதனாசிரியர் ஐயா திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். என் காலத்தில் இந்தப் படிக்கட்டு இருக்கவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் வந்தால் என்ன செய்யப்போகிறீர்கள்? விண்ணப்பத்தைப் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் போட்டு, பெயர் வந்து, கம்பஸ் தொடங்க எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலம் முழுக்க அவன் கடையில் நிற்கலாமே. அதற்கு நான் எதிர்ப்பு இல்லை.

இணுவில் தங்கச்சி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் எலக்ட்ரிக்கல் படிக்க விருப்பம். தொழில்நுட்பப் பிரிவில் ஏ.எல் எடுத்திருக்கிறேன். பெண் பிள்ளையைக் கடையில் எடுப்பார்களா?

போதனாசிரியர்

எடுப்பார்கள் பிள்ளை, ஆனால் கடை பார்த்துப் போகவேண்டும். என் வகுப்பில் கொயில் இறக்குவதில் முதல் ஆளாக நின்றவள் ஒரு பெண் பிள்ளை, அவளுடைய விரல் போகிற இடத்துக்கு மற்றவர்களுடையது போகாது. முதலில் கல்லூரியில் முழுநேர வகுப்பாகச் சேர்ந்து, பிறகு கைத்தொழில் பயிற்சிக்குக் கல்லூரி ஊடாகவே இடம் கேளுங்கள். தனியே கடை தேடிப் போவதைவிட அது பாதுகாப்பு. விருப்பம் என்றால் தனி இழை தொடங்குங்கள், விவரமாக எழுதுகிறேன்.

கொண்டாவில் அக்கா

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது. நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னா. ஓடாவி மகன் எழுதியதை நான் வாசித்துக் காட்டிய பிறகு ஒன்றும் பேசாமல் சீலை மாற்றினா. தன் பயத்தை விளங்கிக்கொண்ட ஒரு ஆள் என்று நினைத்தாவோ தெரியாது.

சின்னக் கடை. சுவரெல்லாம் கம்பி உருளைகள். தம்பி ஒரு மேசையில் குனிந்திருந்தான், எங்களைக் கண்டதும் எழும்பவில்லை, "ஒரு நிமிஷம், எண்ணிக்கொண்டிருக்கிறன்" என்றான். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தா. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு தரம் கூப்பிடவேண்டும், படிக்க இருந்தால் பத்து நிமிஷத்தில் போனை எடுப்பான். இங்கே எண்ணி முடித்து, பென்சிலால் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினான்.

அம்மா கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சால்?" அவர் பதில் சொல்லாமல் அம்மாவைச் சுவிட்ச் போர்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சின்ன டெஸ்ட் பொத்தானைக் காட்டி, "அமத்துங்கோ அம்மா" என்றார். அம்மா பயந்து பயந்து அமத்தினா. டக்கென்று கடை முழுக்க இருண்டது. "30 மில்லியம்பியர் கசிந்தாலே விழுந்திடும். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இதை அமத்திப் பார்க்கிறது உங்கட மகன்ர வேலை" என்றார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் போர்டிலும் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று அம்மா தேடினா. இல்லை. தம்பி வருகிற ஞாயிறு பூட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

நைட்டா ஒப்பந்தத்துக்குக் கடைக்காரர் முதலில் இழுத்தார், கடுதாசி வேலை கூட என்றார். நான் விடவில்லை. கடைசியில் சரி என்றார், திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகிறோம். கம்பஸ் விண்ணப்பமும் போடுகிறோம், நல்லூர் வீதி அண்ணை. பௌதிக விஞ்ஞானம் வந்தால் அன்றைக்கு அவனே முடிவெடுப்பான். மூன்றாம் ஷை இல்லை. அதில் மட்டும் அவன் உறுதியாக நின்றான், அம்மாவும் விட்டுவிட்டா.

ஓடாவி மகன்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வேலை நேரமும் காப்புறுதியும் எழுதியிருக்கிறதா என்று கையொப்பம் வைக்க முதல் வாசித்துப் பாருங்கள். வங்கியில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுதாதது இல்லாததுதான். வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், நானும் வாசிக்கிறேன்.

செம்புக்கம்பி அண்ணை, அடுத்த லீவுக்கு வரும்போது அப்பாவின் உளிகளை ஊருக்குக் கொண்டுவர நினைக்கிறேன். யாராவது தீட்டப் பழக்குவார்களா?

செம்புக்கம்பி

கொண்டுவாருங்கள் தம்பி. ஆள் இருக்கிறார், எழுபது தாண்டியவர், உங்கள் அப்பாவையும் தெரிந்திருக்கும்.

கொண்டாவில் அக்கா

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அனுப்புகிறேன், மிக்க நன்றி. இன்னும் ஒரு உதவி. போதனாசிரியர் ஐயா சொன்னபடி தம்பியை ஆங்கில வகுப்புக்கு விடவேண்டும். கடை ஆறு மணிக்குத்தான் முடியும். சுன்னாகம், மருதனார்மடம் பக்கம் ஆறரைக்குப் பிறகு நடக்கிற வகுப்பு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சைக்கிளில்தான் போவான்.